காலிப் புட்டி என்று நினைத்துவிடாதீர்கள்

மே மாதத்தில் வேலூருக்கு ஆய்வகப் புரதம் போன்ற குளிர்ப் பொருள் வரவழைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பெட்டி எங்கள் வாசல் காவலர் அறையில் அரை நாள் கிடந்தது. நான் குடியாத்தத்தில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வந்து பிரித்தபோது, ஐஸ் பைகள் வெந்நீர்ப் பைகளாகியிருந்தன. உள்ளே இருந்தது உறையவைத்து உலர்த்திய பொடி என்பதால் தப்பித்தேன்.

வாங்கியது ஈ. கோலை பாக்டீரியாவின் எல்7/எல்12 ரைபோசோமல் புரதம், அதாவது செல்லில் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமின் ஓர் உறுப்பு. மறுஇணைவு முறையில் (மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) தயாரித்தது, முன்முனையில் புரதத்தைப் பிரித்தெடுக்க உதவும் ஆறு ஹிஸ்டிடின் வால், 100 மைக்ரோகிராம். விலை என் ஒரு மாத உதவித்தொகையை விழுங்கிவிடும், பணம் திட்ட நிதியிலிருந்து போனது. ஆய்வக உதவியாளர் அண்ணன் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, காலிப் புட்டிக்கா இவ்வளவு பணம்?" என்றார். பொடி கண்ணுக்கே தெரியாது. மூடியில் ஒட்டியிருக்கும் என்பதால், திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள்.

ரைபோசோமின் மற்றப் புரதங்கள் ஒவ்வொன்றாக இருக்க, இது மட்டும் ஈ. கோலையில் நான்கு பிரதிகள். இரண்டிரண்டாகப் பிணைந்து, பெரிய துணையலகின் ஓரத்தில் தண்டுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் இரண்டானாலும் புரதம் ஒன்றே. எல்12-இன் முன்முனையில் அசெட்டைல் என்ற சிறு வேதித்தொகுதி ஏறினால் எல்7. எத்தனாலும் அமோனியம் குளோரைடும் கலந்து குளிரில் கழுவினால் ரைபோசோமிலிருந்து கழன்றுவிடும்; ரைபோசோமோடு சேர்ந்து வேலை செய்யும் இ.எஃப்-ஜி என்ற காரணிப் புரதம், ஆற்றல் தரும் ஜி.டி.பி. (GTP) மூலக்கூறை உடைக்கும் வேகமும் கூடவே படுத்துவிடும். புரதத்தைத் திரும்பச் சேர்த்தால் வேகம் எழும். அப்படிச் சேர்ப்பதற்காகவே வாங்கினேன்.

100 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்து, புரதத்தை அளக்க வழக்கமாகப் பயன்படும் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் அளந்தேன். பூஜ்யம். அண்ணன் சொன்னது சரிதானோ என்று வயிறு கலங்கியது. பிறகுதான் அமினோ அமில வரிசையை எடுத்துப் பார்த்தேன்: டிரிப்டோபேன் இல்லை, டைரோசின் இல்லை, சிஸ்டைனும் இல்லை. அந்த ஒளியை எது உறிஞ்சும்? சாயத்தால் அளக்கும் பிராட்ஃபோர்டு முறையில் பார்த்தால் மில்லிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம். அந்தச் சாயம் முக்கியமாகப் பிடிப்பது ஆர்ஜினினை. இதிலோ ஒரே ஒரு ஆர்ஜினின். செம்பைக் கொண்டு அளக்கும் பி.சி.ஏ. முறையில் 0.9 வந்தது, அதைத்தான் நம்பினேன். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 15 கிலோடால்டனுக்குச் (மூலக்கூறு எடை அலகு) சற்றுக் கீழே ஒரே பட்டை. 85 சதவீதத் தூய்மை என்று எழுதியிருந்தார்கள். என் கண்ணுக்கு அதைவிட மேல்.

இதுவரை புரதத்தின் குணம். விற்றவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கோபம் புட்டியோடு வந்த துண்டுத்தாளின் மீது. உலர்த்துமுன் புரதம் இருந்த கரைசல் என்ற இடத்தில் "டிரிஸ்/பி.பி.எஸ்." என்று இருந்தது. இரண்டும் வெவ்வேறு தாங்கல் கரைசல்கள். எது? என் அப்பா தறிக்கு நூல் வாங்கும்போது, கட்டின்மேல் "40/60 நம்பர்" என்று எவராவது எழுதியிருந்தால் கடையைவிட்டு இறங்கிவிடுவார். நான் இறங்கவில்லை. ஜி.டி.பி. உடையும்போது வெளிவரும் பாஸ்பேட்டை மலாக்கைட் கிரீன் சாயத்தால் அளப்பது என் சோதனை. பி.பி.எஸ்.ஸிலேயே பாஸ்பேட் இருக்கிறது. தட்டிலிருந்த குழிகள் எல்லாம், ரைபோசோமே போடாத குழிகூட, கரும்பச்சையாயின. கழுவி எடுத்துவைத்திருந்த ரைபோசோமில் பாதி அன்றைக்குப் போயிற்று.

எஞ்சிய புரதத்தை, ஒரு குழாய் தவிர, டயாலிசிஸ் செய்தேன்; அதாவது சவ்வுப் பையில் போட்டுச் சிறு மூலக்கூறுகளை வெளியேறவிட்டேன். எங்களிடம் இருந்த சவ்வு 12 கிலோடால்டன் வரை வெளியே விடுவது. இந்தப் புரதத்தின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். பக்கத்து ஆய்வகத்தில் 3.5 கிலோடால்டன் சவ்வைக் கடன் வாங்கினேன். மறுநாள் வெற்றுக் குழி மஞ்சளாகவே நின்றது. புரதம் சேர்த்த குழியில் பச்சை ஏறியது. இழந்த வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் மீண்டது. முழுதும் மீளாததற்கு வால் காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம், ஏனெனில் இந்தப் புரதம் ரைபோசோமின் எல்10 என்ற இன்னொரு புரதத்தைப் பற்றிக்கொள்வது முன்முனைப் பகுதியால்தான். பின்முனையில் வைத்தால் காரணிகளைத் தொடும் பக்கம் இடிக்கும். வாலில்லாமல் விற்றால் அதைத்தான் வாங்குவேன்.

விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். ஒன்பது நாள் கழித்து, துண்டுத்தாளையே படமெடுத்து அனுப்பிவைத்தார்கள். மிச்சத்தைப் பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, கிளிசரால் சேர்த்து, மைனஸ் 80-இல் வைத்திருக்கிறேன். மின்வெட்டு நாளில் அந்தக் கதவை யாரும் திறக்கக்கூடாது என்று தாள் ஒட்டியாயிற்று. டயாலிசிஸ் செய்யாத ஒரே ஒரு குழாயில் மட்டும் சிவப்பு மையில் "பாஸ்பேட் உண்டு" என்று எழுதியிருக்கிறேன்.