எம்ஜெட்டி கால்பேக்: கடைக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு போன் லைன்

கீழமாசி வீதியில் எங்கள் பலசரக்குக் கடை, உசிலம்பட்டியில் கிடங்கு. ராத்திரி இருப்புக் கணக்கு அங்கிருந்து கடைக்கு வந்தாகணும். இரண்டு பக்கமும் லினக்ஸ், சாதாரண லேண்ட்லைன். இதற்கு எம்ஜெட்டியோடு (மோடத்துக்கு வரும் காலை எடுத்து லாகின் கேட்கும் லினக்ஸ் நிரல்) சேர்ந்தே வரும் கால்பேக் நிரலைப் போட்டேன். ஐந்துக்கு நாலரை தருவேன்.

கிடங்கிலிருந்து மச்சான் டயல் செய்வார். கடை மோடம் எடுத்து பெயர் கேட்கும், அவர் பெயர் வந்ததும் லைனை வெட்டிவிட்டு, லாகின்.கான்ஃபிக் கோப்பில் அந்தப் பெயருக்கு நேரே நான் எழுதிவைத்த நம்பருக்குத் தானாகவே திரும்ப அடிக்கும், அதற்கப்புறம்தான் பாஸ்வேர்டு கேட்கும். வேறு யாராவது பெயரைத் தெரிந்துகொண்டு அடித்தாலும் மணி ஒலிப்பது எங்கள் கிடங்கில்தான். நீண்ட நேரம் ஓடும் காலின் கட்டணமும் கடை பில்லில் வந்துவிடும், எனக்கு அது பெரிய நிம்மதி.

அந்த அரை மதிப்பெண் போனது அழைக்கும் பக்கத்துக்காக. மோடத்தோடு பேசி டயல் செய்யும் சாட் நிரலுக்கான ஸ்கிரிப்டில், வழக்கம்போல 'நோ கேரியர்' (லைன் அறுந்தது) வந்தால் அபார்ட், அதாவது வேலையை நிறுத்து, என்று எழுதியிருந்தேன். கடை லைனை வெட்டியதும் மோடம் சொல்வதே அதைத்தான், உடனே சாட் நின்றுவிடும், அப்புறம் மணி அடித்து அடித்து ஓயும், எடுக்க ஆளில்லை. இரண்டு ராத்திரி "மாப்ள, மணி அடிக்குது, ஒண்ணும் நடக்கல" என்று மச்சான் செல்லில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த அபார்டை எடுத்துவிட்டு, 'நோ கேரியர்' வரும்வரை காத்திரு, பிறகு 'ரிங்' வரும்வரை காத்திரு, வந்ததும் ஏடிஏ (காலை எடுக்கும் மோடம் கட்டளை) கொடு என்று வரிசையாக எழுதியதும் சரியானது. சாட் தானாக 45 வினாடிதான் காத்திருக்கும், அதை 120 ஆக்குங்கள்.

வேகம் நொடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் போகாது. பெட்டியில் 56கே என்று போட்டிருந்தாலும், இரண்டு முனையும் அனலாக் லைன் என்றால் அவ்வளவுதான். கணக்குக் கோப்புக்கு இதுவே தாராளம்.

மோடம் வாங்கும்போது சீரியல் போர்ட் உள்ள வெளி மோடமாகக் கேளுங்கள். முதலில் ஒரு கடையில் லினக்ஸில் ஓடும் என்று சொல்லிக் கொடுத்த உள் அட்டை வின்மோடம் (விண்டோஸ் மென்பொருளை நம்பி ஓடும் மோடம்), திருப்பியும் எடுக்கவில்லை. இப்போது இரண்டு பக்கமும் யூஎஸ் ரோபாட்டிக்ஸ், அருமையாக ஓடுகிறது. அதில் ஏஏ (தானாகக் காலை எடுக்கும் ஆட்டோ ஆன்சர்) விளக்கு எரிந்தால் ஏடிஎஸ்0=0 கொடுத்து அணைத்துவிடுங்கள். மணி அடித்தால் எடுக்கச் சொல்வது எம்ஜெட்டியின் வேலை, மோடம் தானாக எடுத்தால் கடை கம்ப்யூட்டர் தொங்கிப்போன நேரத்திலும் கிடங்குக்குக் கால் காசு ஏறும்.