ஏ-சீரிஸ் எஞ்சினுக்குக் கியர் ஸ்டார்ட்டர்: வன்னிப் பாவனைக்குச் சரிவருமா?

எம்.ஜி. மிட்ஜெட், ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற் ஆகிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் எங்கள் ஊர் மொறிஸ் மைனர் 1000க்கும் எஞ்சின் ஒன்றுதான்: பிரித்தானியக் கார்க் கம்பனியான பி.எம்.சி.யின் ஏ-சீரிஸ். பிந்திய 1500 சிசி மிட்ஜெட் மட்டும் வேறு. 948, 1098 சிசி மூன்றிலும் வந்தன. இந்த மூன்றில் 1275 சிசி மிட்ஜெட்டுக்கும் ஸ்பிரைற்றுக்கும் மட்டும். அதனால் அந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்காக இங்கிலாந்தில் விற்கும் கியர் ரிடக்‌ஷன் ஸ்டார்ட்டரை மைனர் வைத்திருப்பவர்களும் விசாரிக்கிறார்கள். காசைக் கட்ட முன்னர் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

பழைய லூகாஸ் எம்35 மோட்டரில் பெண்டிக்ஸ் முறை. மோட்டர் சுழலத் தொடங்கியதும் அதன் தண்டிலுள்ள சின்னப் பற்சில்லான பினியன் திருகுப் புரியில் ஓடிப்போய், எஞ்சின் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையமான றிங் கியரில் மோதிக் கொழுவும். 'டங்' என்று கேட்பது அந்த மோதல்தான். ஒவ்வொரு முறையும் பல்லின் விளிம்பு கொஞ்சம் தேயும். கியர் ஸ்டார்ட்டரிலோ சொலினோயிட் (கரண்ட் கொடுத்தால் இழுக்கும் மின்காந்த சுவிட்ச்) பினியனைத் தள்ளிக் கொழுவிய பிறகுதான் மோட்டர் முழுப்பலத்தோடு சுழலும். உள்ளே சின்ன மோட்டர் வேகமாகச் சுழல, இடையிலுள்ள கியர் அந்த வேகத்தை முறுக்குவிசையாக மாற்றுகிறது. நிறையும் பழையதைவிட நன்றாகக் குறைவு. பங்குனி, சித்திரை வெயிலில் ஏ9 வழியே ஓடி வந்து நிறுத்திய எஞ்சினை உடனே திருப்பி ஸ்டார்ட் பண்ணும்போது வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கொம்பிரஷன் கூட்டிய 1275க்கு இது மிக நல்ல சாமான்.

ஆனால் "ஸ்டார்ட்டர் இழுக்குதில்லை" என்று கராஜுக்கு வரும் பழைய கார்களில் பலவற்றுக்கு மோட்டரில் பிழையே இருக்காது. கேபிளும், பற்றரியையும் எஞ்சினையும் காரின் உடலோடு இணைக்கும் ஏர்த்தும்தான் காரணம். வோல்ட் மீற்றர் ஒன்றை எடுத்து, எஞ்சின் ஓடிவிடாதபடி இக்னிஷன் கொயிலின் வயரைக் கழற்றிவிட்டு, ஒருவர் சாவி திருப்ப மற்றவர் அளக்கட்டும். சுழலும்போது பற்றரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பற்றரியைச் சார்ஜ் பண்ணிப் பாருங்கள். பற்றரியின் உயிர் முனைக்கும் (ஏர்த் பண்ணாத முனை) ஸ்டார்ட்டர் முனைக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கேபிள், சொலினோயிட், அல்லது பூட்டு முனைகளில் குறை. எஞ்சின் புளொக்குக்கும் பற்றரியின் ஏர்த் முனைக்கும் இடையே 0.3க்கு மேல் விழுந்தால் ஏர்த் பட்டி பழுது. எஞ்சின் றப்பர் மவுண்டில் இருக்கிறது. அந்தப் பட்டி அறுந்தால் கரண்ட் சோக் கேபிள் வழியாகவும் அக்சிலறேற்றர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் பண்ணும்போது சோக் கேபிள் சுடுகிறதென்றால் வேறு சாட்சி வேண்டாம். புதுப் பட்டி ஒன்றும், 25 சதுர மி.மீ.க்குக் குறையாத செப்புக் கேபிளும் போட்டுவிட்டுப் பிறகு மோட்டரைப் பற்றி யோசியுங்கள்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் முதலில் றிங் கியர் பல்லை எண்ணுங்கள். பெண்டிக்ஸ் வகை ஏ-சீரிஸுக்கு 107 பல். பிந்திய மினிகளின் முன்கொழுவல் ஸ்டார்ட்டருக்கு (சுழல முன்னரே பினியன் கொழுவும் வகை) 129. இரண்டுக்கும் ஸ்டார்ட்டர் வெவ்வேறு. விற்பவர்கள் "ஏ-சீரிஸ்" என்று ஒரே பெயரில் போட்டிருப்பதை நம்பி ஓடர் பண்ண வேண்டாம். எஞ்சினை முழுச் சுற்றுச் சுற்றிப் பல் எல்லாவற்றையும் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். தேய்மானமும் அங்கேதான் இருக்கும். பல் கடித்துப்போன றிங் கியரில் புது மோட்டரைப் பூட்டினால் புதுப் பினியனும் சேர்ந்து கெடும்.

அடுத்தது ஏர்த். மைனரும் 1967க்கு முந்திய மிட்ஜெட்டும் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். லூகாஸ் மோட்டருக்குப் பற்றரியை எப்படிக் கொடுத்தாலும் சுழலும் திசை மாறாது, ஏனென்றால் அதன் காந்தமும் சுருளால் ஆனது. நிரந்தரக் காந்தம் வைத்த கியர் ஸ்டார்ட்டர் அப்படியில்லை. முனை மாறினால் எதிர்த்திசையில் சுழலும். நீங்கள் வாங்குவது எந்த வகை என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றுவதென்றால் பற்றரியைத் திருப்பி, கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவைப் புதிதாக முனைப்படுத்த வேண்டும்: டைனமோவின் டி, எஃப் என்ற இரண்டு முனைகளின் வயர்களைக் கழற்றி, பற்றரியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரால் எஃப் முனையைச் சில தடவை தொட்டெடுத்தால் போதும். றேடியோ இருந்தால் முதலே கழற்றிவிடுங்கள்.

பூட்டும் வேலை பெரிதல்ல. பற்றரி ஏர்த்தைக் கழற்றி, இரண்டு போல்ட்டை எடுத்தால் பழையது வெளியே வரும். 9/16 ஸ்பனர் வேண்டும், 14 மி.மீ. இறுக்கமாக இருக்கும், 15 வழுக்கித் தலையை உருட்டிவிடும். புதியதை வைத்ததும் புளொக்கிலோ ஒயில் ஃபில்டரிலோ முட்டுகிறதா என்று பாருங்கள். பல மொடல்களில் முன்தட்டின் ஸ்குறூக்களைத் தளர்த்தி மோட்டரைச் சுற்றி வைக்கலாம். ஓய்வில் பினியனுக்கும் றிங் கியருக்கும் இடையே 2–3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

வயறிங்கில்தான் கூடுதலாகப் பிழைக்கிறது. பழைய சொலினோயிட்டிலிருந்து வரும் பெரிய கேபிளையே புது மோட்டரில் பூட்டி, அதிலிருந்து சின்ன முனைக்கு ஒரு துண்டு வயர் கொடுத்துவிடுகிறார்கள். வேலை செய்யும். ஆனால் சாவியை விட்ட பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டர் தானே கரண்ட் உண்டாக்கி பினியனைப் பிடித்து வைத்திருக்கும்; எஞ்சின் ஓட, உள்ளே கரகரப்புக் கேட்கும். சரியான வழி, பெரிய கேபிளைப் பற்றரியிலிருந்து நேரே மோட்டருக்குக் கொண்டுபோய், பழைய சொலினோயிட்டைச் சின்ன முனைக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும் றிலேயாக (இடைச் சுவிட்சாக) வைப்பது. சாவியிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் பழைய சுவிட்ச் கருகும். அந்தப் பெரிய கேபிள் இனி எப்போதும் உயிரோடு இருக்கும் என்பதால் காரின் உடலில் உரசும் இடமெல்லாம் றப்பர் உறை போடுங்கள், மோட்டர் முனைக்கு றப்பர் மூடியும் போடுங்கள்.

ஸ்டாண்டர்ட் 948, 1098 மைனருக்கு என் சிபாரிசு பழைய லூகாஸையே செய்விப்பதுதான். உழவு மெஷின் ஸ்டார்ட்டர் செய்து பழகிய கைகளுக்கு இது சின்ன வேலை, செலவும் இறக்குமதி விலையோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. உள்ளே கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டுகள் 8 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புது வெண்கலப் புஷ்ஷை ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஒயிலில் ஊறவிட்டு அடியுங்கள். கார்பன் உரசும் செப்பு உருளையான கொமியூட்டேற்றரைக் கடைந்தால் செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைத் தோண்டச் சொல்ல வேண்டாம். டைனமோவுக்குத் தோண்டுவார்கள், இதற்குத் தோண்டக்கூடாது. பெண்டிக்ஸைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவிக் காயவிட்டு அப்படியே பூட்டுங்கள். கிறீஸ் பூசினால் கிரவல் றோட்டுச் செந்தூசி பசைபோல ஒட்டி, பினியன் ஓடாமல் மோட்டர் மட்டும் சும்மா சுழலும். பினியன் இறுகிக் கொழுவிவிட்டால் காரைத் தள்ளி அலைய வேண்டியதில்லை: மோட்டரின் பின் நுனியிலுள்ள சின்ன மூடியைக் கழற்றினால் சதுரமாகச் சீவிய தண்டு தெரியும், ஸ்பனரைக் கொடுத்துத் திருப்பினால் விட்டுவிடும்.

ஆமேச்சர் (மோட்டருக்குள் சுழலும் சுருள்) கருகிவிட்டது, அல்லது எஞ்சின் 1275, கொம்பிரஷனும் கூட்டியிருக்கிறது என்றால் கியர் ஸ்டார்ட்டரை வாங்குங்கள். டென்சோ அமைப்பில் செய்ததைத் தேடுங்கள். அதன் சொலினோயிட்டுக்குள் தேயும் செப்புத் தொடுமுனைகள் ரொயோட்டா வாகனங்களில் வரும் வகை, உதிரிப்பாகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். பிரித்துச் செய்ய முடியாதபடி அடைத்து வரும் மலிவு மோட்டர் பழுதானால் இங்கே யாரும் திறக்கமாட்டார்கள்.