ஆன்லைன் குழு தெரபி: எல்லாம் நன்று, அந்த மியூட் தவிர

ஆன்லைன் குழு தெரபியில் சேரலாமா என்று தோழி கேட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் அதில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர், எல்லோருக்கும் பேனிக் அட்டாக்தான் பிரச்சினை. வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம். நெஞ்சு படபடத்து, மாரடைப்பு என்று பயந்து ஓடி, ஈசிஜி நார்மல் என்று திருப்பி அனுப்பப்பட்ட கதையை இன்னொருவர் வாயால் கேட்டபோது கிடைத்த ஆறுதல் எந்த டாக்டரிடமும் எனக்குக் கிடைத்ததில்லை. பஸ் ஏறவே பயப்படுகிறவர்கள் நாங்கள். தேனிப் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர், நேரில்தான் வர வேண்டும் என்றிருந்தால் மதுரைக்கு வந்திருக்கவே மாட்டார்.

ஆனால் அந்த மியூட்! ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. ஒருநாள் அந்த அக்கா, கோயில் கூட்டத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்துபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் உடைந்தது. கொஞ்சம் நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. "நான் பேசுறது கேக்குதாங்க?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம், அவர் சின்ன ஃபோனில் யார் முகம் தெரிந்திருக்கும்? மறுபடியும் "கேக்குதா?" என்றார். அழுகிறவர் நெட்வொர்க்கைச் சரிபார்க்க வேண்டியிருப்பது எவ்வளவு கொடுமை! நேரில் என்றால் நாலு பேர் "ம்ம்" கொட்டியிருப்போம், பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருப்பார்.

உளவியலாளரைக் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னதும் எல்லோர் மைக்கையும் திறந்து வைத்துப் பார்த்தார். எதிரொலி, மிக்சி, குழந்தை அழுகை. போதாததற்கு, அந்தச் செயலி நம் மெல்லிய "ம்ம்"மையும் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது. அவரால் என்ன செய்ய முடியும்? ஆனாலும் வாரா வாரம் எரிச்சல் வந்துகொண்டேதான் இருந்தது.

சேருமுன் விசாரிக்க வேண்டியவை உண்டு. நடத்துபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு செய்த எண்ணைக் கேளுங்கள். நடுவில் புது ஆட்கள் வருவார்களா என்றும் கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி ரகசியம் காக்கும் கடமை சிகிச்சை தருபவருக்கு உண்டு; குழுவில் கூட இருப்பவர்களைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கொடுக்கும் வாக்கு மட்டும்தான். அப்புறம், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் நேரத்தில் அடுத்த வாரக் கூட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.

தோழியிடம் சேரச் சொல்லிவிட்டேன். நான் அடுத்த மாதத்துக்குப் பணம் கட்டவில்லை. நேரில் கூடும் குழு ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம்.