பூக்கடை கணக்கும் டான்ஸர்2 கான்ஃபிக்கும்: நாலு வருச அனுபவம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடைக்கு கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்து நாலு வருசம் ஆச்சு. பெர்ல் மொழி, அதுல வெப் ஆப் எழுதுற டான்ஸர்2 ஃப்ரேம்வொர்க். இந்தக் காலத்துல பெர்லான்னு கேக்குறவங்க கேட்டுக்கங்க, எனக்குத் தெரிஞ்சது அதுதான், நல்லா ஓடுது. இதுல கான்ஃபிக், அதாவது செட்டிங் ஃபைலுங்க, எப்பிடி இருந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்.

பொதுவானதெல்லாம் கான்ஃபிக்.ஒய்எம்எல்ல (config.yml) இருக்கும், என்விரான்மென்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள டெவலப்மென்ட்டுக்கு (என் லேப்டாப்) ஒண்ணு, ப்ரொடக்ஷனுக்கு (கடைல ஓடுறது) ஒண்ணு. பின்னாடி படிக்கிற ஃபைல் சொல்றதுதான் செல்லும். ஹாஷுக்குள்ள (பேரும் மதிப்பும் ஜோடி ஜோடியா இருக்குறது) ஹாஷ் இருந்தா பிரிச்சு சேத்துக்கும், அதனால டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் கான்ஃபிக்_லோக்கல்.ஒய்எம்எல்ல வச்சு கோடு சேத்து வைக்கிற கிட்ல ஏத்தாம விட்டுட்டேன், ஆனா லிஸ்டுன்னா சேக்காது, பழசைத் தூக்கிட்டு புதுச மட்டும் வச்சுக்கும். இதுவரைக்கும் கொறை இல்ல.

மாட்டுனது வேற எடத்துல. விவசாயிகளுக்கு அன்னன்னைக்கு ரேட்டு எஸ்எம்எஸ்ல போகும். கடை டேட்டாவ காப்பி பண்ணி லேப்டாப்ல டெஸ்ட் பண்றப்ப போயிறக் கூடாதேன்னு டெவலப்மென்ட் ஃபைல்ல "எஸ்எம்எஸ்: நோ"ன்னு போட்டு வச்சிருந்தேன். பாக்க சரியாத்தான இருக்கு? ஒய்எம்எல்ல இருந்து வரும்போது அந்த நோ பெர்லுக்கு வெறும் ஸ்ட்ரிங், காலி ஸ்ட்ரிங்கும் சைபரும் அன்டெஃப்பும் (மதிப்பே இல்லாதது) தவிர பெர்ல்ல மத்ததெல்லாம் ட்ரூதான், அப்ப எஸ்எம்எஸ் போயிரும். ராத்திரி சும்மா மல்லி கிலோ 1 ரூவான்னு போட்டுப் பாத்துட்டு படுத்துட்டேன். விடிகாலைல கடை அண்ணன் போன். "தம்பி, உசிலம்பட்டிக்காரரு ஆள் விட மாட்டேங்குறாருப்பா, ஒரு ரூவாய்க்கு பூ செடியிலயே கெடக்கட்டும்ங்குறாரு, என்னத்தப்பா அனுப்புன?"

அன்னைலருந்து 0, 1 தவிர வேற எதுவும் போடுறதில்ல.

இன்னொண்ணு, ஆப்ப ஓட்டுற வெப் சர்வர் ஸ்டார்மேன், அத கமாண்ட்ல நேரா ஓட்டுனீங்கன்னா என்விரான்மென்ட் பேரு ப்ரொடக்ஷன்னு வராது, டிப்ளாய்மென்ட்னு வரும். அந்தப் பேர்ல ஃபைல் இல்லைன்னா டான்ஸர் வாயே தெறக்காது, பாட்டுக்கு கான்ஃபிக்.ஒய்எம்எல்ல மட்டும் வச்சு ஓடும், நான் ப்ரொடக்ஷன் ஃபைல்ல லாக் லெவல அங்கிட்டும் இங்கிட்டும் மாத்தி மாத்தி ஒரு நா பூரா ஒண்ணும் நடக்காம உக்காந்திருந்தேன். கமாண்ட்ல -E (பெரிய எழுத்து) போட்டு ப்ரொடக்ஷன்னு சொல்லணும், இல்ல டான்ஸர்_என்விரான்மென்ட்ட சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ ஸ்டார்ட் பண்றது) ஃபைல்ல எழுதணும். இத மொத நாளே போட்டுருக்கணும்.

மோஜோலிஷியஸ்னு இன்னொரு பெர்ல் ஃப்ரேம்வொர்க்ல ஒரு சின்ன வேலை பண்ணிப் பாத்தேன், அங்க கான்ஃபிக் ஃபைல பெர்ல் ஹாஷாவே எழுதலாம், அதுல நோன்னு எழுதுனா சின்டாக்ஸ் எரர்னு அங்கயே நின்னுரும். எனக்கு அதுதான் புடிச்சிருக்கு, ஆனா ஓடுற கடைய இதுக்காக மாத்தி எழுத முடியாது.

கான்ஃபிக்க ஸ்டார்ட் ஆகும்போது மட்டுந்தான் படிக்கும், மாத்துனா ரீஸ்டார்ட் பண்ணியாகணும். முகூர்த்த நாள் காலைல கைய வைக்கவே மாட்டேன், மத்தியானம் மார்க்கெட் அடங்குனதுக்கு அப்புறந்தான்.