ஹேண்ட்பிரேக்: பழைய கல்யாண வீடியோக்களோடு சில ஆண்டுகள்

எங்கள் உறவில் யார் வீட்டுப் பரணில் கல்யாண வீடியோ கிடந்தாலும் கடைசியில் அது என்னிடம்தான் வந்து சேர்கிறது. பெரும்பாலானவை தொண்ணூறுகளில் விஎச்எஸ் கேசட்டில் பதிவாகி, பிறகு ஏதோ ஒரு ஸ்டூடியோவில் டிவிடியாக மாற்றப்பட்டவை. ஓரங்களை வெட்டிச் சீராக்கி, இன்றைய டிவியிலும் போனிலும் ஓடும்படி மாற்றித் தர நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக். இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நம்பகமானது. ஆனால் அதில் வரும் முன்னமைவுகளை (தயாராக வரும் அமைப்புத் தொகுப்புகளை) அப்படியே விட்டுவிட்டால் பழைய வீடியோ பாழ்.

ஓரத்தை வெட்டினாலே படத்தை மறுபடி குறியாக்கம் செய்தாக வேண்டும். டிவிடியில் இருக்கும் எம்பெக்-2 வடிவ வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. அதை விரித்து இன்னொரு முறை சுருக்கினால் ஏதோ கொஞ்சம் போகத்தான் செய்யும். துளியும் போகக் கூடாது என்றால் எஃப்எஃப்வி1 போன்ற இழப்பற்ற வடிவம் இருக்கிறது. ஆவணக் காப்பகங்களுக்கு அது சரி. வீட்டில் அந்தக் கோப்பு பல மடங்கு பெருத்து நிற்கும், டிவியும் அதைத் திறக்காது. எனவே கண்ணுக்குத் தெரியாத இழப்புதான் நம் இலக்கு. நீளத்தை மட்டும் நறுக்க வேண்டியவர்கள் ஹேண்ட்பிரேக் பக்கமே வர வேண்டாம். அது எந்த வீடியோவையும் குறியாக்கம் செய்யாமல் விடாது. லாஸ்லெஸ்கட் என்ற வேறொரு மென்பொருள் கீஃபிரேம் (முழுமையாகப் பதிவான படம்) இருக்கும் இடமாகப் பார்த்து, படத்தைத் தொடாமலே நறுக்கித் தந்துவிடும்.

சரி, ஓரத்தை எதற்கு வெட்ட வேண்டும்? விஎச்எஸ் படத்தின் அடியில் நடுங்கிக்கொண்டே ஒரு கிழிசல் பட்டை ஓடும். கேசட் இயந்திரத்தின் உருளை நம் ஊர் பால் (PAL) டிவி முறையில் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. அதிலுள்ள ஒரு காந்தத் தலை நாடாவைப் படித்து முடித்து மறு தலை தொடங்கும் இடம்தான் அந்தப் பட்டை. பழைய குழாய் டிவிகள் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துவிட்டதால் அன்று யார் கண்ணிலும் படவில்லை. தட்டையான டிவி வந்ததும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. ஹேண்ட்பிரேக்கின் தானியங்கி வெட்டு கறுப்புப் பட்டைகளைத்தான் தேடும். இந்தக் கிழிசல் அதற்குப் புலப்படாது. இருட்டான ரிசப்ஷன் காட்சிகளில் அளவு தவறிப்போய், இருக்கும் படத்தையே கடிப்பதும் உண்டு. நான் கையால்தான் அளவு கொடுக்கிறேன். அடியில் 10 வரி, பக்கங்களில் 8 என்று தொடங்கி முன்னோட்டத்தைப் பார்த்துத் திருத்துவேன். எண்கள் இரட்டைப்படையாக இருக்கட்டும்.

அடுத்தது இன்டர்லேஸ். பழைய பால் வீடியோவில் ஒரு சட்டத்துக்குள் (ஃபிரேம்) இரண்டு அரைப் படங்கள் பின்னிக் கிடக்கும். மணப்பெண் திரும்பினால் பட்டுப்புடவையின் சரிகைக் கரை சீப்புப் பற்களாகத் தெரியும். முன்னமைவில் இருக்கும் வடிகட்டி அதைச் சரிசெய்துவிடும், ஆனால் நொடிக்கு 25 சட்டம்தான் மிஞ்சும். பாப் (Bob) முறையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு அரைப் படங்களும் தனித்தனிச் சட்டங்களாகி 50 கிடைக்கும். ஊர்வலக் காட்சியில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலரும் தொடங்கும் 'ஃபாஸ்ட் 1080பி30' முன்னமைவின் உச்ச வேகம் 30. அதை மாற்றி 50 என்று நாமே குறிக்காவிட்டால் பாடெல்லாம் வீண்.

தரத்தைத் தீர்மானிப்பது ஆர்எஃப் என்ற எண். குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் ஏறும். 18 வைத்தால் போதும் என்று எங்கும் சொல்கிறார்கள். நான் அதை அப்படியே ஏற்பதில்லை. தாலி கட்டும் நொடியை எடுத்துக்கொள்ளுங்கள்: நாலாப் பக்கமும் அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை, வீடியோகிராபரின் விளக்கு வெளிச்சம், எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்துகிறார்கள். குறியாக்கிக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. ஸ்டூடியோக்காரர் மூன்று மணி நேரத்தை ஒரே வட்டில் அடைத்திருந்தால் அட்சதை மூலத்திலேயே கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். அதற்கு மருந்து இல்லை. மூலம் நன்றாக இருந்தால் அந்தச் சில நொடிகளை மட்டும் நேர அளவு கொடுத்து 20, 18, 16 என்று எடுத்து, டிவியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். எந்த எண்ணில் அரிசி அரிசியாகத் தெரிகிறதோ அதுவே முழு வீடியோவுக்கும். மேடையில் வரிசையாக நின்று பரிசு கொடுக்கும் காட்சியை வைத்துச் சோதித்தால் எந்த எண்ணும் நன்றாகத்தான் தெரியும்.

குறியாக்கி எச்.264, வேகம் 'ஸ்லோ'. எச்.265 கோப்பைச் சிறிதாக்கும், ஆனால் வீட்டுப் பெரியவர்களின் பழைய டிவியில் ஓடுவதில்லை. இரைச்சல் நீக்கும் வடிகட்டியை மிக லேசாக மட்டும். கொஞ்சம் கூட்டினாலும் மல்லிகைச் சரம் வெள்ளை ரிப்பன் ஆகிவிடுகிறது, முகங்கள் மெழுகு பூசிக்கொள்கின்றன. கேசட்டின் இரைச்சல் பிட்களைத் தின்னத்தான் செய்கிறது, தின்றுவிட்டுப் போகட்டும்.

படத்தை 1080க்குப் பெரிதாக்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. விஎச்எஸ் நாடாவில் கிடைமட்டமாக ஏறக்குறைய 240 கோடு அளவுக்குத்தான் விவரம் இருக்கிறது. டிவிடியின் 720க்கு 576 என்பதே அதற்குத் தாராளம். 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்று பணம் வாங்கும் கடைகளுக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

முக அமைப்பு மாறாமல் இருக்க ஒன்று. அந்த 720க்கு 576 படத்தின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. புள்ளியின் வடிவத்தைக் கவனித்துக்கொள்ளும் அனமார்ஃபிக் அமைப்பு 'ஆட்டோமேட்டிக்' ஆக இருந்தால் டிவியில் 4:3 சரியாக வரும். சில செயலிகள் அந்தக் குறிப்பை மதிக்காமல் எல்லோரையும் ஒல்லியாக்கிவிடுவதால், போனில் அனுப்புவதற்கு மட்டும் சதுரப் புள்ளியில் தனிப் பிரதி எடுக்கிறேன். அதையும் மூல டிவிடியிலிருந்தே எடுக்க வேண்டும், டிவிக்காகச் செய்த கோப்பிலிருந்து அல்ல. ஒலி ஏசி-3 வடிவத்தில் இருந்தால், அதை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும் 'பாஸ்த்ரு' கொடுத்துவிடுங்கள். நாதஸ்வரத்தை இன்னொரு முறை சுருக்கிப் பிழிய வேண்டிய அவசியம் இல்லை.

ஹேண்ட்பிரேக்கின் குறை என்று சொன்னால், கோப்புகளை ஒட்டும் வசதி இல்லாதது. டிவிடியில் வீடியோ இருக்கும் விஓபி கோப்புகள் 1 ஜிபி துண்டுகளாக இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்தால் முகூர்த்தம் நடுவில் அறுந்து இரண்டு வீடியோ ஆகும். துண்டுகளை விட்டுவிட்டு 'வீடியோ_டிஎஸ்' என்ற முழு அடைவையும் கொடுத்தால் அதுவே தலைப்பு தலைப்பாகச் சேர்த்துப் படித்துக்கொள்கிறது. வட்டிலிருந்து நேரடியாகப் படிக்கவிடாமல் அந்த அடைவை முதலில் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழைய வட்டுகளில் கீறலும் நிறமாற்றமும் சகஜம்; ராத்திரி முழுக்க ஓடிய வேலை விடிகாலையில் பாதியில் நின்றிருக்கும்.