தோணி மாடலுக்கு வெள்ளைப் பசையா, சூப்பர் க்ளூவா?

போன மாதம் தூத்துக்குடித் தோணி மாடல் ஒன்றை முடித்தேன். ஒன்றரை அடி நீளம். ஏரா என்ற அடிமரத்தை வைத்து, வங்குகள் என்ற விலா போன்ற சட்டங்களை நிறுத்தி, ஒரு மில்லிமீட்டர் கனத் தேக்குப் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டியது. இடது பக்கம் முழுக்க சூப்பர் க்ளூ, வலது பக்கம் வெள்ளை ஃபெவிகால். இனி எந்த மாடலுக்கும் பலகை ஒட்ட நான் எடுப்பது ஃபெவிகால்தான்.

வலிமை இரண்டிலும் தாராளம், அலமாரியில் நிற்கும் தோணிக்கு அதற்கு மேல் எதற்கு? வேகத்தில் சூப்பர் க்ளூவுக்கு ஈடு இல்லை, சில வினாடி விரலால் அழுத்தினால் போதும். ஃபெவிகாலுக்கு அரை மணி நேரமாவது கிளிப் போட வேண்டும், முழுதாக இறுக ஒரு நாள் விட வேண்டும்.

ஆனால் தப்பாக ஒட்டியதைப் பிரிக்க முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம். அணியத்துப் பக்கம், அதாவது தோணியின் முன்பக்கம், ஒரு பட்டை லேசாக மேலேறினால் அடுத்து வரும் எல்லாப் பட்டையும் அந்தக் கோணலின் மேல்தான் உட்காரும். இடது பக்கம் ஆறாவது பட்டை அப்படி ஏறிவிட்டது. அசிட்டோன் தடவித் தடவிப் பார்த்தேன், மேலே வழிந்திருந்த பசை இளகியதே தவிர அசிட்டோன் இடுக்குக்குள் போகவில்லை, பிளேடு விட்டதும் பட்டை நீளவாக்கில் பிளந்து வங்கிலிருந்தும் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. வலது பக்கமும் இதே தப்பு இரண்டு முறை நடந்தது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவிப் பத்து நிமிடம் விட்டேன், பிளேடு சுலபமாக நுழைந்தது, பட்டை முழுசாகக் கழன்றது, அதையே திரும்ப ஒட்டினேன். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஆல்கஹால் பட்டால் இளகும், அதுதான் விஷயம். ஃபெவிகாலில் மரைன் என்ற வகை ஈரத்தைத் தாங்குவதற்கென்றே செய்தது, அதனால் தண்ணீரில் விடாத மாடலுக்குச் சாதாரண எஸ்.எச். வகையே வாங்குங்கள்.

இன்னொன்று, வழிந்த ஃபெவிகாலை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம். சூப்பர் க்ளூ மரத்துக்குள் ஊறிவிட்டால் அந்த இடத்தில் மட்டும் பாலிஷ் ஏறாது, திட்டுத் திட்டாக வெளுத்துத் தெரியும்.

உப்புத்தாள் போடும்போது வெள்ளைப் பசை சூட்டில் இளகித் தாளை அடைக்கிறது, இதில் அது பின்தங்கித்தான் இருக்கிறது. டைட்பாண்ட் என்ற மஞ்சள் நிற மரப்பசை இதற்குத் தேவலை என்று தோன்றியது, ஆனால் அதை ஒரு சின்னப் பெட்டியில் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். அரால்டைட் மாதிரி எபாக்சி, நங்கூரம் போன்ற உலோகத்தை மரத்தோடு சேர்க்க நல்லது. பலகைக்கு அதை நான் முயன்றதில்லை.

அதற்காக சூப்பர் க்ளூவைத் தூக்கிப் போடவில்லை. பாய்மரக் கயிற்று முடிச்சு அவிழாமல் இருக்க ஊசி முனையில் தொட்டு ஒரு துளி வைப்பேன், அங்கே அதுதான் சரி.