சென்னையைச் சுற்றிக் காட்ட ‘ஃபேமிலி பாஸ்’ வாங்கப் போகிறீர்களா? 9,480 ரூபாய் கொடுத்தவள் சொல்கிறேன்

தீபாவளி லீவு வருகிறது, அதே கும்பல் அதே விளம்பரத்தை மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டது, அதனால் ஆறப் போடாமல் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். சென்னையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற இடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பாஸ், வீட்டு வாசலுக்கே வேன், மதியச் சாப்பாடும் உண்டு என்று மஞ்சள் வேன் படம் போட்டு வருகிறதே, அந்த மாதிரி ஒரு தளத்திடம்தான் 9,480 ரூபாய் கொடுத்தோம். பெயரைப் போடவில்லை. புகார் போயிருக்கிறது, இப்போதைக்குப் போடாதே என்று வீட்டுக்காரர் சொல்கிறார். போடாவிட்டால் என்ன, படித்தாலே எந்த மாதிரி ஆட்கள் என்று தெரிந்துவிடும்.

காலாண்டு லீவுக்கு விருதுநகரிலிருந்து அக்கா அவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு இரண்டு. அம்மாவையும் சேர்த்தால் ஏழு பேர். ஏழு பேர் ஒரு காரில் அடங்காது, ஆப்பில் இரண்டு வண்டி பிடித்து வண்டலூர் போய்த் திரும்பினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் வேன் என்றதும் கண்ணில் பட்டது. பெரியவர்களுக்கு 1,480, பிள்ளைகளுக்கு 1,260. காலையில் வண்டலூர் மிருகக்காட்சி சாலை, சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில், அதாவது ஈசிஆரில், முதலைப் பண்ணை, சாயங்காலம் ஒரு மாலில் பிள்ளைகள் விளையாடும் இடம். அம்மாவுக்குத்தான் எல்லோரையும்விட ஆசை. அவள் சின்ன வயதில் மிருகக்காட்சி சாலையைப் பார்த்தது, அது மூர் மார்க்கெட் பக்கம் பார்க் டவுனில் இருந்தபோது. 1985இல் அது வண்டலூரில் திறந்த பிறகு அவள் போனதே இல்லை, இன்னமும் ‘உயிர் காலேஜ்’ என்றுதான் சொல்வாள்.

சும்மா விளம்பரத்தைப் பார்த்து யாரும் பணம் அனுப்பிவிடவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணைக் கொடுத்ததும் ஒரு பெண் கூப்பிட்டாள். குரலைக் கேட்டால் காலேஜ் முடித்த பெண் மாதிரி இருந்தது. விலையைப் பற்றியே அவள் பேசவில்லை. பிள்ளைகளுக்கு என்ன வயசு என்று கேட்டாள். “சின்னவனுக்கு வண்டியில வாந்தி வருமாக்கா? முன்னாடி சீட்டு போட்டுடறேன்” என்றாள். அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க மாட்டாள் என்றேன். “பாட்டிக்கு ஜூவுக்குள்ள பேட்டரி வண்டி சொல்லி வெச்சுடறேங்க்கா, அதுவும் பாஸ்லயே வந்துடும், நீங்க தனியா ஒண்ணும் கட்ட வேணாம்.” இப்படிக் கேட்கிறவளிடம் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? சொந்தத் தங்கச்சிகூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள். க்யூஆரை அனுப்பினாள். ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர் வராமல் ஒரு ஆள் பெயர் வந்தது. கேட்டேன். “அது எங்க அக்கவுண்ட்ஸ் சார் பேருக்கா, ஜிஎஸ்டி பில்லு கம்பெனி பேர்ல வந்துடும்” என்றாள். பில்லும் வந்தது, லோகோ, முகவரி எல்லாம் போட்டு. 9,480 ரூபாய் போனது.

நாங்கள் கேட்டது ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ராத்திரி அதே பெண் கூப்பிட்டு, ஞாயிறு கூட்டம் தாங்காது, பிள்ளைகள் ஒன்றையும் பார்க்க முடியாது, செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிடட்டுமா என்றாள். வண்டலூருக்குச் செவ்வாய் விடுமுறை ஆயிற்றே என்று நானே கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அக்காவும் பக்கத்தில் இருந்தாள். “பொங்கலுக்கெல்லாம் செவ்வாய்க்கிழமையும் திறப்பாங்க இல்லக்கா, அது மாதிரி இந்த லீவுக்கும் திறக்கறாங்க. எங்களுக்கு குரூப் புக்கிங் கன்ஃபர்ம் ஆயிடுச்சு.” பொங்கல் சமயத்தில் அப்படித் திறப்பது உண்மைதான். பொய்யை ஒரு உண்மையில் சுருட்டிக் கொடுத்தாள் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. ஆமாம், வந்தது, அதனால்தான் அப்போதும் சந்தேகம் வரவில்லை. விளம்பரத்தில் இருந்த மஞ்சள் வேன் இல்லை, ஏசி வேலை செய்யாத ஒரு பழைய டெம்போ டிராவலர். முன் சீட்டு டிரைவரின் பையும் ஸ்டெப்னியும் வைக்க ஒதுக்கப்பட்டிருந்தது. சின்னவன் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டான். சரி, போகட்டும் என்று துடைத்துக்கொண்டு போனோம்.

வண்டலூரில் கேட் மூடியிருக்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன, உள்ளே ஈ காக்காய் இல்லை. காவலுக்கு இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. “செவ்வாக்கிழமை லீவும்மா. போன வாரமும் இதே மாதிரி ஒரு வேன் வந்துச்சு” என்றார். போன வாரமும்! 602 ஹெக்டேர் பூங்காவை கேட் கம்பி வழியாகப் பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அதற்கும் எங்களுக்கு முன்னால் ஆள் இருந்திருக்கிறது. அக்கா பெண் எட்டு வயசு, வெள்ளைப் புலி பார்க்கப் போகிறேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தவள், அவள் அழக்கூட இல்லை, நாளைக்குத் திறப்பாங்களா சித்தி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை அவர்களுக்கு ஊருக்கு ரயில்.

அந்தப் பெண்ணின் எண் சுவிட்ச் ஆஃப். ஆபீஸ் எண்ணில் பாட்டு ஓடியது. டிரைவர் அண்ணன் பாவம், அவர் வாடகை வண்டிக்காரர். வண்டலூரில் இறக்கி, முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போய், மாலில் விட்டுவிட்டு வா என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் பணம் தரவில்லை. டீசலுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் கணக்கில் கழித்துக்கொள்வார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கொடுத்தோம். அதை 9,480இல் சேர்க்கவில்லை, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய் அங்கிருந்து வடநெம்மேலி. முதலைப் பண்ணைக்குத் திங்கள்தான் விடுமுறை, அதனால் திறந்திருந்தது. கவுண்டரில் போனைக் காட்டினால், இது எங்கள் டிக்கெட்டே இல்லை, இப்படி யாரோடும் எங்களுக்கு ஏற்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தன்மையாகத்தான் சொன்னார்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் பார்க்க, ஏழு பேரும் ஓரமாக ஒதுங்கி நின்றோம் பாருங்கள், அது இருக்கிறதே. அப்புறம் கையிலிருந்து காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். அந்த நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இடம், நல்ல நிழல், முதலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தன. சின்னவன் பொம்மை என்று அடம் பிடித்தான். அவன் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒன்று பொத்தென்று வாயை மூடியது, அதற்குப் பிறகு என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அவ்வளவு நல்ல இடத்தை நேராகப் போய்ப் பார்க்க முடியாமல் நடுவில் இந்தத் திருடர்கள்.

சாப்பாடு வரவில்லை. ஈசிஆரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவாவது காட்டலாம் என்றால் அதற்கும் செவ்வாய்தான் விடுமுறை. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் பிள்ளைகளைப் படகில் ஏற்றி இறக்கிக் கூட்டிவந்தோம். மாலுக்குப் போகவே இல்லை. அங்கேயும் போய் ஓரமாக நிற்க யாருக்கும் தெம்பில்லை.

இனிமேல்தான் கூத்தே. ஆபீஸ் எண்ணை ஒருவழியாக ஒரு ஆள் எடுத்தார். அந்தப் பெண்ணுக்கு நான் ‘அக்கா’, இவருக்கு ‘மேடம்’. மேடம், உங்கள் டிக்கெட் நம்பர் சொல்லுங்கள். மேடம், சிஸ்டம் அப்டேட் ஆகிறது. மேடம், மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். ஏழு வேலை நாளில் ரீஃபண்ட் வரும் மேடம். வாட்ஸ்அப்பில் கேட்டால் ‘உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு மெசேஜ், நான் என்ன எழுதினாலும் அதுவே திரும்பி வருகிறது. கோபத்தில் ஒரு தடவை வெறும் ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பினேன். அதற்கும் வருந்தினார்கள்.

அப்புறம் வந்ததுதான் பெரிய அடி. ‘தேதி மாற்றம் வாடிக்கையாளரின் வேண்டுகோளின்படி செய்யப்பட்டது, தேதி மாற்றிய பாஸுக்குப் பணம் திரும்பக் கிடையாது’ என்று மெயில். நானா மாற்றினேன்? அவர்கள் கூப்பிட்டு, அவர்கள் சொல்லி, அவர்கள் மாற்றியது. போனில் பேசியது, என்னிடம் ரெக்கார்டிங் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். எழுத்தில் ஒரு வரிகூட அனுப்பாமல் அதற்காகவேதான் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ‘நல்லெண்ணமாக’ 500 ரூபாய்க்கு வவுச்சர் தருகிறார்களாம், அடுத்த பாஸ் வாங்கும்போது கழித்துக்கொள்ளலாமாம். 9,480 ரூபாய்க்கு 500 ரூபாய் வவுச்சர்!

வீட்டுக்காரர் பில்லில் இருந்த முகவரியைத் தேடி வேளச்சேரிப் பக்கம் போனார். இரண்டாவது மாடி என்று போட்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு இரண்டாவது மாடியே இல்லை. கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் இவரைப் பார்த்ததுமே “டூர் பாஸா சார்?” என்று கேட்டிருக்கிறார்.

அதோடும் விடவில்லை. மறுநாள் புது எண்ணிலிருந்து ஒருத்தர், ரீஃபண்ட் ரெடி, இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போட்டால் 9,480 உங்கள் கணக்குக்கு வந்துவிடும் என்றார். ஸ்கேன் செய்தால் பணம் செலுத்தும் பக்கம் வருகிறது, தொகை 9,480 என்று அவர்களே நிரப்பி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு அந்த ஆளைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் தேவையே இல்லை, யாராவது கேட்டால் அது திருட்டுதான். அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் அவர்கள் படம் காணாமல் போய்விட்டது, நான் அனுப்புவதற்கு ஒரு டிக்தான் விழுகிறது.

பேங்கில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் செய்து புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறோம். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை என்கிறார்கள், அதற்கும் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். 9,480 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று மாமியார் கேட்கிறார். அலைவேன்.

லீவுக்குப் பிள்ளைகளை எங்கெல்லாம் கூட்டிப் போகலாம், எப்படிப் போகலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது, அதனால் அவசரமாக நாலு வார்த்தை. வண்டலூர், கிண்டி சிறுவர் பூங்கா, தட்சிணசித்ரா மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள், எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி. விதிவிலக்காகத் திறக்கிறார்கள் என்று எவர் சொன்னாலும் அந்த இடத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். டிக்கெட்டை அந்தந்த இடத்தின் கவுண்டரிலோ அவர்களுடைய சொந்தத் தளத்திலோ வாங்குங்கள். வேன் வேண்டுமென்றால் உங்கள் தெருவில் இருக்கிற டிராவல்ஸில் பேசுங்கள், ஏதாவது என்றால் போய் நின்று கேட்கவாவது ஒரு கடை இருக்கும். க்யூஆரில் ஒரு ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். தேதி மாற்றம், விலை எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் ரீஃபண்ட் வரும் என்று காத்திருக்காமல் உடனே 1930.

அந்த மஞ்சள் வேன் விளம்பரம் இன்று காலையிலும் எனக்கு வந்தது, இப்போது வேறு பெயரில், கமெண்ட் போட முடியாதபடி மூடி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் வந்தால் ரிப்போர்ட் அடியுங்கள். இவர்களிடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், பில்லோ பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தால் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், சேர்ந்து கொடுப்போம். முந்தின வாரம் வேனில் வந்து வண்டலூர் கேட்டில் நின்றவர்கள் இதைப் படித்தால் கட்டாயம் எழுதுங்கள்.